விமானத்தில் அழும் குழந்தை

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டால் முன்பெல்லாம் நம் குடும்பங்கள் நன்னி ஊருக்கோ நாகூருக்கோ போய்வருவதோடு சரி. இன்று திருச்சியில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். நடுத்தரக் குடும்பத்தாரும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து உல்லாசப் பிரயாணம் போய்வருகிறார்கள். இதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பூமியில் சுற்றிப் பார்க்கும்படி திருமறை பல இடங்களில் தூண்டுகிறது. அதே சமயம், பிரயாணம் உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒரு வேதனை என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளோடு ஆகாய விமானம் ஏறியவர்களுக்கு அந்த ஹதீஸுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

நாம் கேட்க வந்த கேள்வி சிறியது. நூற்றெண்பது பேருக்கு நடுவில், எழுந்து போக இடமில்லாத இடத்தில், ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. அங்கே யாருடைய ஹக்கு பெரியது? உறங்க விரும்பும் பிரயாணியின் ஹக்கா, அழுகிற குழந்தையின் ஹக்கா?

இதைப் பற்றி உபதேசம் செய்யும் தகுதி நமக்குக் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் மகள், மருமகன், ஐந்து வயதுப் பேத்தி, இரண்டரை வயதுப் பேரன் ஆகியோரோடு நாமும் கோலாலம்பூரையும் பினாங்கையும் பார்த்துவரப் புறப்பட்டோம். நள்ளிரவு விமானம். அடிக்கடி போய்வருகிற ஒருவர் யோசனை சொல்லியிருந்தார்: தூக்கம் வரவழைக்கும் சளி மருந்தில் ஒரு மூடி கொடுத்துவிட்டால் போதும், இறங்குகிறவரை பையன் கண் திறக்க மாட்டான் என்று. “டாக்டரைக் கேட்காமல் கொடுக்கலாமா, அத்தா?” என்று மகள் தயங்கினாள். நாம்தான் அவசரப்பட்டோம். பையன் வாயை இறுக மூடிக்கொண்டான். “தேன்டா கண்ணு, தேன்” என்றோம். குடித்துவிட்டான். பக்கத்தில் நின்ற பேத்தி, “அது தேனில்லையே நன்னா, மருந்துதானே?” என்றாள். அவளை அதட்டி வாயை அடைத்தோம்.

பையன் உறங்கினான். பக்கத்து இருக்கைக்காரர் “நல்ல பிள்ளை” என்று பாராட்டினார். நமக்குப் பெருமையாகக்கூட இருந்தது. விமானம் கீழே இறங்கத் தொடங்கியபோதுதான் வந்தது வினை. பையன் திடுக்கிட்டு விழித்துக் காதைப் பிடித்துக்கொண்டு அலறினான். பாலைக் கொடுத்தால் விழுங்கும் தெளிவு இல்லை, கடைவாயில் வழிந்தது. பாதி மயக்கத்தில், தாயின் முகம்கூடப் பிடிபடாமல் அவன் அழுத அழுகை இன்றும் நம் காதில் இருக்கிறது.

காரணத்தைப் பிற்பாடு ஒரு குழந்தை மருத்துவர் விளக்கினார். விமானம் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. ஆக, கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது போலத்தான். ஆனால் கொடைக்கானலிலிருந்து மலைப்பாதையில் சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்குகிறோம். விமானமோ அரை மணி நேரத்தில் தரைக்கு வந்துவிடுகிறது. வெளியழுத்தம் கூடக்கூடச் செவிப்பறை உள்ளே அழுந்துகிறது. நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் அழுத்தம் சமமாகும். எச்சில் விழுங்கும்போது அது திறக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலானது; சளி பிடித்திருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் இறங்கும் நேரத்தில் குழந்தையை எழுப்பிப் பாலோ தண்ணீரோ கொடுக்கச் சொல்கிறார்கள். உறங்குகிறவன் அதிகம் விழுங்குவதில்லை. அதாவது, அவன் அழாமல் இருக்க நாம் கொடுத்த மருந்தே அவன் வலியைத் தீர்க்கும் வழியை அடைத்தது. இது மட்டுமல்ல. இந்த வகை மருந்துகளில் சில, இரண்டு வயது நிறையாத குழந்தைகளின் மூச்சையே தடுத்துவிடக்கூடியவை என்றும் சொன்னார். நம் பேரன் அந்த வயதைத் தாண்டி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

நாம் யாருக்காக அதைச் செய்தோம்? கேட்டால், உடன் வருகிறவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காக என்று சொல்லியிருப்போம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நம் வெட்கம்.

உடன் வருகிறவரின் ஹக்கு லேசானதல்ல. அன்னிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் அண்டை வீட்டாருக்கு அடுத்தபடி, பக்கத்தில் இருக்கும் தோழருக்கும் நன்மை செய்யக் கட்டளையிடுகிறது. பிரயாணத்தில் கூட வருபவரையும் அதில் சேர்த்து விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். நான்கு மணி நேரம் நம் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும் அந்த முன்பின் தெரியாத மனிதர், அவ்வளவு நேரமும் நமக்கு அண்டை வீட்டார். ஐந்து வயதுப் பிள்ளை முன்இருக்கையை உதைப்பதையும், கைப்பேசியில் பொம்மைப் படத்தைச் சத்தமாக வைத்துப் பார்ப்பதையும் ‘குழந்தைதானே’ என்று விட்டுவிடும் தாய் தகப்பன்மாரை நாம் ஆதரிக்க மாட்டோம். அது அழுகையல்ல, வளர்ப்பின் குறை. நம்மவர்களிடம் இது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. ஆனால் வலியால் அழுவது வேறு.

அந்த அழுகையிலிருந்து விலகியிருக்கக் காசு கொடுக்கும் வழியும் வந்தது. 2013-இல் ஏர் ஏசியா எக்ஸ், ஸ்கூட் ஆகிய விமானக் கம்பெனிகள், சிறு பிள்ளைகளுக்கு இடமில்லாத அமைதிப் பகுதிகளைத் தம் விமானங்களில் ஒதுக்கின. 2016-இல் இண்டிகோவும் சில வரிசைகளை அப்படி அறிவித்தது. இதில் பாவம் ஒன்றுமில்லை. நோயாளியும் முதியவரும் அமைதியை விலை கொடுத்து வாங்கினால் வாங்கிக்கொள்ளட்டும். தாய்மார்கள் மறுகோடிக்குப் போனதும் உண்டு. 2019-இல் சியோலிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன விமானத்தில், நான்கு மாதக் குழந்தையின் தாய் ஒருவர் பிரயாணிகள் இருநூறு பேருக்கு மிட்டாயும் காதடைப்பானும் பையில் போட்டு, குழந்தை அழுதால் பொறுத்துக்கொள்ளும்படி சீட்டெழுதிக் கொடுத்தார். உலகமே அவரைப் பாராட்டியது. நல்ல மனசுதான், நாமும் பாராட்டுகிறோம். ஆனாலும் ஓர் உறுத்தல். நான்கு மாதக் குழந்தை, குழந்தையாக இருப்பதற்கு முன்கூட்டியே நஷ்டஈடு கட்ட வேண்டுமா?

பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டி ஓத எண்ணி நின்றிருக்கும்போது குழந்தையின் அழுகை காதில் விழுந்தால், அதன் தாய் படும் சங்கடத்தை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பின்னால் அணி அணியாக ஜமாஅத் நிற்கிறது. குழந்தையை வெளியே கொண்டுபோ என்று தாய்க்குக் கட்டளை வரவில்லை. குழந்தையோடு வரக்கூடாது என்ற அறிவிப்பும் இல்லை. இமாம் தாமே தம் ஓதலைக் குறைத்துக்கொள்கிறார்கள். தொழுகையிலேயே இப்படியென்றால், விமானத்தில் நம் ஒரு மணி நேரத் தூக்கம் எம்மாத்திரம்?

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறிப் பல நாள் கடலில் கிடந்து பினாங்கு போனார்கள். 1970-களின் தொடக்கம்வரை அது ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்த கூட்டத்தில் பிள்ளை அழுதால், யாராவது ஒரு பெரியம்மா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கடலைக் காட்டுவாராம். நம் நன்னி சொல்லக் கேட்டிருக்கிறோம். விமானத்தில் காட்டக் கடலில்லை என்பது உண்மைதான். கை நீட்டி வாங்குகிற பெரியம்மாவும் இல்லை.

அந்தத் ‘தேன்’ விஷயத்துக்கு வருவோம். ஒரு தாய் தம் சிறு மகனைக் கூப்பிட்டு, வா, ஒன்று தருகிறேன் என்றார். என்ன தர நினைத்தாய் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் தராமல் விட்டிருந்தால் அது உன் கணக்கில் ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. பிரயாணத்தில் நாம் சொல்லும் பொய்களை எண்ணிப் பார்த்தால் நடுக்கமாக இருக்கிறது. அழுதால் போலீஸ் மாமா பிடித்துக்கொள்வார், பைலட் இறக்கிவிட்டுவிடுவார், இதோ வந்துவிட்டது, இது தேன். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் முற்றத்தில் பேத்தியை உட்காரவைத்து, “அன்றைக்கு நீ சொன்னதுதாம்மா சரி. நன்னா சொன்னது பொய்” என்றோம். “தம்பியிடமும் சொல்லுங்க” என்றாள். அவனுக்குப் புரியாத வயது. ஆனாலும் சொன்னோம்.

திரும்பும்போது மருந்து கொடுக்கவில்லை. இறங்குவதற்கு அரை மணி முன்பே எழுப்பி, காது வலிக்கும், விழுங்கினால் குறையும் என்று பேரனிடம் சொல்லி, மகள் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தாள். அப்படியும் இருபது நிமிடம் அழுதான். முன்வரிசையில் இருந்த நடுத்தர வயதுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இரண்டாம் முறை, “பையனுக்குக் காது வலிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார். திருச்சியில் பெட்டிக்காகக் காத்து நின்றபோது அவரைத் தேடினோம். கூட்டத்தில் கண்ணில் படவில்லை.