'பொறுப்பாளர்' என்ற கட்டம்

தனிநபர் கல்வித் திட்டப் படிவத்தில் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. குழந்தையின் இப்போதைய நிலை, ஆண்டு இலக்கு, குறுகிய கால இலக்குகள், கற்பிக்கும் முறை, மதிப்பீடு என்று நீளும் கட்டங்களுக்கு நடுவே அது ஓரமாக இருக்கும். சிறப்புப் பயிற்றுநர்களான நாங்கள் அதில் பெரும்பாலும் எழுதுவது 'பெற்றோர்' என்ற ஒரே சொல்லைத்தான். படிவத்தில் பெற்றோர், நடைமுறையில் அம்மா. அம்மாவால் முடியாத வீட்டில் பாட்டி, பாட்டியும் இல்லாத வீட்டில் அக்கா. ஒரு குழந்தையின் உரிமையை நிறைவேற்ற, ஒரு பெண்ணின் நாளை அவளைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாமா?

இந்தத் திட்டம் பிறந்த இடத்தில் பெற்றோருக்கு வேறு பொருள் இருந்தது. 1975-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் எழுதப்பட வேண்டும் என்றது. அதை எழுதும் கூட்டத்தில் பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டும், முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் எதிர்த்து முறையிடலாம் என்றும் சொன்னது. அதாவது, பெற்றோர் அங்கே முடிவெடுப்பவர். அந்தப் படிவம் நம் ஊர்களில் புழங்கும்போது முடிவெடுப்பவர் வேலை செய்பவராக மாறிவிடுகிறார். திட்டத்தைப் பயிற்றுநர் எழுதுகிறார், அம்மா கையெழுத்துப் போடுகிறார், பிறகு அம்மாவே செய்கிறார்.

எவ்வளவு செய்கிறார் என்று கூட்டிப் பார்ப்போம். மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயன்முறைப் பயிற்சி காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம். சரியான நிலையில் உட்காரவைத்து ஊட்ட, வேளைக்கு அரை மணி என்று மூன்று வேளை. படஅட்டை காட்டிப் பேச்சுப் பயிற்சி 15 நிமிடம். இரண்டு மணிக்கு ஒருமுறை கழிப்பறைப் பழக்கம், ஒவ்வொரு முறையும் 10 நிமிடம், நாளுக்கு ஆறு முறை. மொத்தம் 205 நிமிடம், ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இவற்றை எழுதிய ஒவ்வொருவருக்கும் தன் பங்கு சின்னதாகத்தான் தெரிந்திருக்கும். கூட்டிப் பார்க்கும் கட்டம் படிவத்தில் கிடையாது. அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவராக இருந்தால், எந்த மூன்றரை மணி நேரத்தை நாம் கேட்கிறோம்?

2012-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, கடுமையான குறைபாடும் பல்வகைக் குறைபாடும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையும் சேர்ந்தது. பள்ளிக்குத் தூக்கிவர முடியாத குழந்தைக்கு அது வாசலைத் திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் பள்ளி வீட்டுக்குள் வரும்போது ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரமே வருகிறார். மீதி நாட்களில் அந்தப் பள்ளியை நடத்துவது சம்பளமில்லாத ஒரு பெண்.

நாங்களும் இதே சங்கிலியில் ஒரு கண்ணிதான். தொடக்க நிலையில் 10 மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் வைத்தது. என்னைப் போலத் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு அலையும் பெண்களுக்கு அந்த எண்கள் ஒரு கனவு. நேரம் போதாத ஆசிரியை அம்மாவிடம் தள்ளுகிறாள். கை போதாத அம்மா மூத்த மகளிடம் தள்ளுகிறாள். கடைசியில் தம்பியின் கல்வித் திட்டத்தைக் காப்பாற்ற ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளிக்கு மட்டம் போடுகிறாள்.

"எம்புள்ளைக்கு நான் செய்யாம வேற யாரு டீச்சர் செய்வா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். அதைத் தாய்ப்பாசத்தின் சாட்சியாக எடுத்துக்கொள்வது நமக்கு வசதி. பாசம் உண்மைதான். ஆனால், நான் ஒருத்தி மட்டும்தான் செய்வேன் என்ற சம்மதம் அதற்குள் இல்லை. யார் செய்வார் என்பது விடை வேண்டி நிற்கும் கேள்வி. அதைப் பெருமூச்சாகக் கேட்டுவிட்டுக் கடந்து போகிறோம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் காலம் வரை குழந்தையின் தசைகள் இறுகாமல் காத்திருக்காது. அம்மாவின் மீதுள்ள அக்கறையால் இலக்குகளை வெட்டினால், அம்மாவுக்குச் செய்யும் நியாயத்துக்குக் குழந்தை விலை கொடுக்கும். அதனால் ஒவ்வொரு இலக்கையும் எழுதுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இது நிறைவேறினால் யாருடைய நாள் மாறும்? மணி கோப்பதும், புள்ளிகளின் மேல் எழுதுவதும் மதிப்பீட்டுக்கு அழகாக இருக்கும். தம்ளரைத் தானே பிடித்துத் தண்ணீர் குடிப்பது இரண்டு பேருடைய நாளை மாற்றும்.

இந்த அளவுகோலையும் தனியாக விட்டுவிடக் கூடாது. சில குழந்தைகள் எப்போதும் பிறர் கையால்தான் உண்பார்கள். அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள மகளின் தாய். 1999-இல் வெளியான தன் நூலில், பிறரைச் சார்ந்திருப்பது எல்லா மனித வாழ்விலும் உள்ள ஒரு நிலை என்றும், பராமரிப்பவரையும் யாராவது பராமரிக்காத சமூகம் நீதியானதல்ல என்றும் அவர் வாதிட்டார். பாரத்தைக் குறைப்பதை மட்டுமே குறிக்கோளாகக் கொண்டால் நாம் எங்கே போய் நிற்போம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1994-இல் மகாராஷ்டிராவின் ஷிரூரில் அரசு இல்லத்திலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களைப் புனேக்குக் கொண்டுபோய்க் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தைப் பராமரிக்க முடியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்தன.

இன்றும் அந்தக் கேள்வி தணிந்த குரலில் என்னிடம் வருகிறது. "எடுத்துட்டா நிம்மதின்னு சொல்றாங்களே டீச்சர்?" அந்த அம்மாவைக் கொடுமைக்காரியாகப் பார்க்க என்னால் முடியாது. தனக்குப் பிறகு மகளுக்கு யார் துணி மாற்றுவார் என்று அவர் பயப்படுகிறார். நாப்கின் மாற்றுவதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுக்கலாம். பல மாதம் ஆகும். சிலர் எல்லாப் படிகளையும் எட்டாமலும் போகலாம். எட்டாத படிக்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கையை ஏற்பாடு செய்வதும் திட்டத்தின் பகுதியே. ஆள் இல்லை என்பதற்காக அவள் உடம்பிலிருந்து ஒரு உறுப்பை எடுக்கக் கூடாது.

எனவே, பொறுப்பாளர் கட்டத்தில் 'பெற்றோர்' என்று நான் எழுதுவதில்லை. ஆளின் பெயர், வேலை, நேரம் மூன்றையும் எழுதுகிறேன். அப்பாவின் பெயரும் வரும். "நமக்கு அதெல்லாம் வராதுங்க டீச்சர்" என்பார்கள். அம்மாவுக்கும் பிறக்கும்போதே வந்ததல்ல, நான் சொல்லிக்கொடுத்து வந்தது. உங்களுக்கும் சொல்லித் தருகிறேன் என்பேன். சிலர் கற்றுக்கொள்கிறார்கள். பள்ளிக்குப் போகும் வயதில் உள்ள அக்காவின் பெயரை மட்டும் எழுத மறுக்கிறேன்.

ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கட்டத்தில் இரண்டு வரி வரும். முதல் வரி 'இப்போது செய்பவர்': அம்மா, 205 நிமிடம். இரண்டாவது வரி 'செய்ய வேண்டியவர்': பராமரிப்பு உதவியாளர், நியமிக்கப்படவில்லை. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றி 2016-ஆம் ஆண்டுச் சட்டமே பேசுகிறது. எனவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. "எதுக்கு இவ்வளவு? பெற்றோர்னு போட்டா போதுமே" என்று மேலிருந்து சொல்வார்கள். அப்படிப் போட்டால், எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் அந்தக் காகிதம் அரசுக்குச் சொல்லும். ஒரு பெண்ணின் மூன்றரை மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போய்விடும்.