கல் மிதக்கும்போது அதன் இயல்பு என்னாகிறது?

கான்கிரீட்டால் படகு கட்டி மிதக்கவிடும் பழக்கத்துக்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டு வயது. பிரான்சில் ஜோசப் லூயி லம்போ 1848-இல் கம்பி வலைமேல் சிமெண்ட் கலவை பூசிச் செய்த சிறு படகு, 1855 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியியல் மாணவர்கள் இத்தகைய படகுகளைக் கட்டித் துடுப்புப் பந்தயம் நடத்தினார்கள். 1988-இலிருந்து அது அந்நாட்டின் தேசியப் போட்டி. அங்கே ஒரு கடுமையான சோதனை உண்டு. படகை நீர் நிரப்பி அமிழ்த்துவார்கள். அது தானாக மேலே வர வேண்டும். குழிந்த வடிவம் அப்போது உதவாது. ஆகவே நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைக் கலந்து, கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ எடையுள்ள கான்கிரீட்டை 1,000 கிலோவுக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். அல்லது படகின் இரு முனைகளிலும் நுரைப்பொருளை அடைக்கிறார்கள்.

மூழ்குவது கல்லின் இயல்பு என்றால், மிதக்கும் கல் இயல்பை இழந்துவிட்டதா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனிப் பொருத்தம் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பொடித்து மறுபடி கல்லாக இறுகச் செய்யும் சிமெண்ட் தொழிலில் பெயர்பெற்ற ராம்கோ குழுமத்தின் ஊர் ராஜபாளையம். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, திருமுக்குளத்தில் நீர் இருக்கும் ஆண்டில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் தெப்பத்தில் வலம் வருகிறார்கள்.

இந்திய மெய்யியல் மரபுகளில் ஒன்றான வைசேஷிக தரிசனம் இயல்பு பற்றிய கேள்வியைத் துல்லியமாக அணுகியது. கனம் என்பது மண்ணுக்கும் நீருக்கும் உரிய குணம். விழுதலுக்கு அதுவே காரணம். ஆனால் பிடிப்பு இருக்கும்வரை அந்தக் குணம் செயலாகாது. காம்பில் ஒட்டியிருக்கும் பழம் கனமற்றதல்ல, விழாமல் நிற்கிறது, அவ்வளவே. இந்தப் பார்வையில் லம்போவின் படகு இயல்பை மீறவில்லை. சிமெண்டின் கனம் அப்படியே இருக்க, படகு விலக்கிய நீரின் எடை அதைத் தாங்குகிறது. குணம் வேறு, விளைவு வேறு என்ற இந்தப் பிரிவினை, ஆர்க்கிமிடீஸின் கணக்கை அறியாமலே எட்டிய பெரிய தெளிவு.

சைவ மரபு முன்வைக்கும் கல் வேறு. பல்லவ மன்னன் ஆணையால் கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் என்னும் அப்பர் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறியதைச் சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிறது. அந்த இடம் இன்றும் கரையேறவிட்ட குப்பம். அவரைக் கட்டிய கல் குடையப்பட்டதல்ல, குமிழி கலந்ததும் அல்ல. சேக்கிழார் விளக்கம் தருவது எடையைப் பற்றியும் அல்ல: வினை கயிறாகவும் மலம் கல்லாகவும் கட்டப் பிறவிக்கடலில் விழும் உயிர்களையே ஐந்தெழுத்து கரையேற்றும்போது, இந்தக் கடலில் ஒரு கல்மேல் நாவுக்கரசரை ஏற்றியதைச் சொல்லவும் வேண்டுமா என்று கேட்கிறார். பெரிய அற்புதம் உயிர் கரையேறுவது. கல் மிதந்தது அதன்முன் சிறியது.

எனவே கான்கிரீட் படகைக் காட்டி அப்பர் கதையை அறிவியல் மெய்ப்பித்தது என்பதும், அதே படகைக் காட்டி அற்புதம் வெறும் தந்திரம் என்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். படகு கனத்தைத் தாங்கும் வழியைக் காட்டுகிறது. கல்லில் கட்டுண்டவனின் விடுதலை அதன் பொருளல்ல. சைவ சித்தாந்தத்தில் மலமும் அழிவதில்லை, அருளால் அதன் சக்தி மட்டும் அடங்குகிறது. குணம் நிற்க விளைவு தடைபடும் என்ற வைசேஷிகக் கருத்துக்கு இந்தக் கொள்கை வியக்கத்தக்க அளவு அருகில் வருகிறது. ஆனால் அங்கே தடுப்பது பிடிப்பு, இங்கே தடுப்பது அருள்.