இரட்டையரின் மஜ்ஜை

தென்கிழக்கு ஜொகூரில் காடு திருத்தி ஊர்களை உருவாக்க 1972-இல் கெஜோரா வாரியம் அமைந்தது. அப்படிச் செம்பனைக்கு நடுவே எழுந்த ஊர்தான் நம் பண்டார் தெங்காரா. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் குடியேறிய ஊர். இருந்தும், ஒரே ஊர்க்காரர், ஒரே வழக்கம், ஒரே கருத்து என்றால்தான் உறவு ஒட்டும் என்ற நினைப்பு நம்மை விட்டுப் போகவில்லை. நம் உடம்பின் உயிரணுக்கள் இந்த நினைப்புக்குச் சாட்சி சொல்ல மறுக்கின்றன.

இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். 1950-களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ், கதிர்வீச்சால் நோயாளியின் மஜ்ஜையை அழித்துவிட்டு, அச்சு அசலாக ஒத்த இரட்டைப் பிறவியின் மஜ்ஜையை ஏற்றிப் பார்த்தார். உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் சில மாதங்களில் புற்றுநோய் திரும்பிவிட்டது. இரட்டையரிடம் மஜ்ஜை பெற்றவர்களுக்கு, சாதாரண அண்ணன் தம்பியிடம் பெற்றவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்புகிறது என்று பிற்காலத்தில் உறுதியானது. தம்பியின் வெள்ளையணு கொஞ்சம் வேறுபட்டது. அதனால் மிச்சமிருக்கும் புற்றணுவை 'இது அந்நியம்' என்று கண்டுபிடித்து அழிக்கிறது. இரட்டையரின் அணுவுக்கு எல்லாமே சொந்தமாகத் தெரிவதால் கெட்டதையும் சும்மா விட்டுவிடுகிறது. தாமஸுக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேற்றுமை ஆபத்தும் ஆயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வந்தேறிய அணுக்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றையே தாக்குவதுண்டு. அதனால்தான் எச்.எல்.ஏ. என்னும் அடையாளங்களைப் பொருத்திப் பார்க்கிறார்கள். உடன்பிறந்தவரோடு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். முழுப் பொருத்தம் வேண்டுமானால் மற்றவர்கள் முன்பின் தெரியாதவரைத் தேட வேண்டும். மலேசியாவில் அதற்குப் பதிவேடு இருக்கிறது, சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி என்னும் பதிவேடும் இருக்கிறது. இந்த அடையாளங்கள் வம்சாவளியாக வருவதால் தமிழ் நோயாளிக்குத் தமிழரிடம் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு கூடுதல். இனம் இனத்தோடுதான் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே இனத்திலும் பெரும்பாலோர் பொருந்துவதில்லை. இன்னொரு விந்தை, இரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 'ஓ' வகைக்காரரின் மஜ்ஜை ஊன்றிக்கொண்டால், 'ஏ' வகைக்காரரின் இரத்தம் நாளடைவில் 'ஓ'வாகவே மாறிவிடும்.

அணுவுக்கு ஏது அன்பு, நாமாகப் பாடம் ஏற்றிச் சொல்கிறோம் என்பார்கள். உண்மைதான். அணு யாரையும் நேசிப்பதில்லை. புற்றுநோயும் அணுவின் வேலைதானே! அணுவிடம் அறம் கேட்கப் போனால் ஏமாந்துதான் திரும்புவோம். ஆனால் ஒரே இரத்தம் என்றால் போதும் என்ற நம் கணக்கைச் சரிபார்க்க அது உதவும். அன்பு வருவது கொடையாளியிடமிருந்து. ஒரு கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குப் போக, மஜ்ஜைக்கு வேண்டிய அணுக்கள் மட்டும் பிரிந்து, மீதி மறு கை வழியே உடம்புக்குத் திரும்ப, மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்கிறார். யாருக்குப் போகிறது என்று அவருக்குச் சொல்லமாட்டார்கள். பொருந்தியது அணு, சம்மதித்தது மனிதர்.

வீட்டிலும் எல்லாரும் ஒன்றுபோலத் தலையாட்டினால், இனிப்புநீர் இருக்கிறதா என்று சோதிக்க அப்பாவைக் கிளினிக்குக்கு இழுத்துப் போக ஆளிருக்காது. வேறு வீட்டிலிருந்து வந்த மருமகள்தான் அதைத் துணிந்து சொல்வாள். அதற்காகச் சண்டையெல்லாம் அன்பாகிவிடுமா? ஆகாது. வேற்றுமைக்கும் அளவு வேண்டும். மஜ்ஜை மாற்றியவருக்கு, புதிய அணுக்களின் சீற்றத்தை அடக்கப் பல மாதம் மருந்து கொடுக்கிறார்கள். ஒரேயடியாக அடக்கினால் புற்றணு தப்பிக்கும். அவசரப்பட்டு நிறுத்தினால் தோலும் குடலும் புண்ணாகும். எவ்வளவு குறைப்பது, எப்போது குறைப்பது என்பதை ஒவ்வொரு நோயாளியையும் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.