யாரிடம் மன்னிப்பு?

காதல் நாவல்களில் துரோகம் செய்த ஆணுக்கு எப்படியோ மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. துரோகத்துக்கு ஆளான பெண்தான் பேயாகிறாள். 1847இல் வெளிவந்த சார்லட் பிராண்டேயின் ‘ஜேன் அயர்’ இதற்கு நல்ல சான்று.

செல்வந்தர் ராச்செஸ்டர், தன் வீட்டு ஆசிரியை ஜேனைத் தேவாலயத்தில் கைப்பிடிக்கப் போகும் நேரத்தில், அவருடைய முதல் மனைவி உயிரோடிருப்பது அம்பலமாகிறது. ஜமைக்காவிலிருந்து 30,000 பவுண்டு சீதனத்தோடு வந்த பெர்த்தாவை, பித்துப்பிடித்தவள் என்று மூன்றாம் மாடியில் பூட்டிவைத்திருக்கிறார். ஐரோப்பாவில் அடுத்தடுத்து மூன்று ஆசைநாயகிகளோடு வாழ்ந்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். பெர்த்தாவும் ஒழுக்கம் கெட்டவள் என்கிறார். குற்றச்சாட்டு இருவர் மேலும் ஒன்றே. தன் தரப்பைச் சொல்ல அவளுக்கு மட்டும் வாய்ப்பில்லை.

இங்கிலாந்தின் சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி தவறினாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவியோ கணவனின் தவறோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இந்தப் பாகுபாடு 1923இல்தான் நீங்கியது.

பாதிரியார் மகளான பிராண்டே நாயகனைச் சும்மா விட்டுவிடவில்லை. மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் விபசாரம் பற்றிப் பேசும் இயேசு, பாவத்துக்கு இழுக்கும் கண்ணைப் பிடுங்கி எறியவும் கையை வெட்டிப் போடவும் சொல்கிறார். பெர்த்தா வீட்டைக் கொளுத்திக் கூரையிலிருந்து குதித்துச் சாகும் இரவில், ராச்செஸ்டர் ஒரு கையையும் பார்வையையும் இழக்கிறார். பிறகு மனந்திரும்பி ஜெபிக்கிறார். ஜேன் அவரை ஏற்கிறாள்.

அதே அதிகாரத்தில், சற்று முன்னால், இன்னொரு கட்டளையும் இருக்கிறது: உன்மேல் சகோதரனுக்குக் குறை இருந்தால், காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு. நாவல் இதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒப்புரவாக வேண்டியவள் செத்துவிட்டாள். அதற்கு முன்பே வில்லியாகவும் ஆக்கப்பட்டுவிட்டாள். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கடவுளும் ஜேனும் கொடுத்துவிட முடியுமா?

பிராண்டேக்கே உறுத்தல் இருந்தது. பெர்த்தாவைப் படைத்ததில் இரக்கத்தைவிட அச்சம் மிஞ்சிவிட்டதென்று 1848 ஜனவரியில் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

டொமினிகா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ நாவலில் பெர்த்தாவின் கதையை ஜமைக்காவிலிருந்து தொடங்கினார். அதில் கணவன் வேலைக்காரப் பெண்ணோடு படுக்கிறான். நடுவே மெல்லிய தடுப்பு, அந்தப் பக்கம் மனைவியின் அறை. இதைச் சொல்பவனும் கணவனே. ஒரு கணமும் வருந்தவில்லை என்று அவனே சொல்கிறான். அவனிடம் கண்ணையோ கையையோ ரீஸ் கேட்கவில்லை, மனந்திரும்பவும் வைக்கவில்லை.