அறிந்தவன் கடன்

மண்ணரிப்பைப் பற்றி உயர்தர வகுப்பிலே நான் கட்டுரையொன்று எழுதுவித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இந்த மண்ணு நம்ம மண்ணு இல்லையே, அத நாம ஏன் காப்பாத்தணும்?" என்று கேட்டான். அவன் பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன். பல்கலைக்கழகம் சென்று இயற்கை வளங்களைப் பற்றிக் கற்க வேண்டுமென்னும் ஆவலுடையவன். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்துறைக் கல்வி இன்று ஊவா மாணவனுக்குத் தூரத்துப் பொருளன்று. மத்திய மலைநாட்டின் தெற்கு அடிவாரத்தே, பெலிஹுல்ஓயாவில் அமைந்த சப்பிரகமுவ பல்கலைக்கழகம் சுற்றாடல் விஞ்ஞானத்தையும் இயற்கை வள முகாமைத்துவத்தையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. பதுளையிலே 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் கனிய வளத்துக்கும் இடமுண்டு. ஆயினும், கற்ற அறிவு யாருக்குக் கடன்பட்டது என்னும் வினாவுக்குப் பாடத்திட்டம் தானாக விடை கூறிவிடாது. அவ்விடையை இம்மலைகளின் வரலாற்றிலேதான் தேடவேண்டும்.

இம்மலைகள் நலிந்தது அறியாமையினாலா? அன்று. கோப்பிக்காக முதலிற் காடுகள் வெட்டப்பட்டன. 1869இல் மடுல்சீமையிலே முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்த, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளையேனும் காக்கவேண்டுமென, கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹுக்கர் 1873இலேயே ஆலோசனை கூறினார். அவற்றின் கீழிருந்த சரிவுகளிலோ, புல்லொன்றும் இராதபடி நிலத்தைச் சுரண்டிக் களையெடுப்பதே நல்ல தோட்டத்துக்கு இலக்கணமென்று துரைமார் கருதினர். மழைதோறும் மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அறிவும் இருந்தது, சட்டமும் இருந்தது.

அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தியவர்கள் யார்? கான் வெட்டியவனும், சரிவிலே கல்லடுக்கியவனும், முள்ளுக் குத்தியவனும் தொழிலாளியே. அவனை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவனாக்கியது. குடியுரிமை பிற்காலத்திலே கிடைத்த பின்னரும், குடியிருக்கும் லயமும் அது நிற்கும் நிலமும் சொந்தமாகாத குடும்பங்கள் இன்றும் பலவுள. ஆகவே என் மாணவனின் கேள்வி குறும்பன்று. அது ஒரு நூற்றாண்டின் கணக்கு.

இக்கணக்கின் கொடிய பக்கத்தைக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே கண்டோம். 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. அந்தச் சரிவு ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பெருமழை நீர் உள்ளிறங்கும்போது மண்ணின் பாரம் பெருகுகிறது, பற்று தளர்கிறது. இவ்வுண்மையை விஞ்ஞானம் அறிந்திருந்தது. உரியவர்களுக்கு உரைத்தும் இருந்தது. எனினும் மக்கள் அங்கேயே இருந்தனர். எச்சரிக்கை காதுக்கு எட்டினாலும், குடியேறுவதற்கு நிலம் கைக்கு எட்டவேண்டுமன்றோ?

"உண்மையைக் கண்டு கூறுவதே விஞ்ஞானியின் வேலை, மாற்றிடம் கொடுப்பது அரசின் வேலை" என்று வாதிப்போர் உளர். இவ்வாதத்தில் நியாயமுண்டு. ஆராய்ச்சியாளன் காணி பகிர்ந்து கொடுக்க முடியாது. தன் எல்லையை மீறினால் அவன் சொல்லின் மதிப்பும் குறையக்கூடும். ஆயினும், தான் சொன்னது பயன்படவில்லை என்று கண்ட பின்னும் மௌனமாயிருப்பவன் நடுநிலையில் நிற்கவில்லை. கிணற்றருகே தவழும் குழந்தையைக் கண்டு ஒருமுறை கூவிவிட்டுத் தன் வழியே நடப்பவனை நாம் கடமை முடித்தவனென்று கொள்வோமா? அறிவு ஒருவனுக்குத் தருவது பட்டம் மட்டுமன்று. கேட்கப்படும்வரை பேசவேண்டிய கடனையும் அது தருகிறது. "இச்சரிவு ஆபத்தானது" என்னும் வாக்கியம் அரைகுறை வாக்கியமே. "இவர்கள் எங்கே போவார்கள்?" என்னும் வினாவும் சேர்ந்தபோதே அது முழுமை பெறும்.

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். உரிமை மறுக்கப்பட்டவனிடம் கடமையை மட்டும் வேண்டுவது அநீதி. ஆனால், உரிமையில்லை என்பதற்காக மண்ணைக் கைவிடுவதும் நமக்கு விடிவாகாது. சரியும் மலை உறுதிப் பத்திரம் பார்த்துச் சரிவதில்லை. எனினும், அடிவாரத்து லயத்திலே உறங்குபவன் மீதே அது பெரும்பாலும் விழுகிறது. 2025 நவம்பர் இறுதியிலே டிட்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் பதுளை மாவட்டத்துச் சரிவுகள் மீண்டும் பெயர்ந்து உயிர்களைப் பலி கொண்டன. நிலவுரிமைப் போராட்டமும் நிலப் பாதுகாப்பும் இரண்டல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆதலின் அவனுக்கு நான் கூறியது இதுதான்: தம்பி, நீ போய்ப் படி. மண்ணின் பாரத்தை அளக்கவும் சரிவின் கோணத்தைக் கணிக்கவும் கற்றுக்கொள். உன் தாத்தா கான் வெட்டிய சரிவைப் பற்றி நீ ஒருநாள் அறிக்கை எழுத நேரலாம். அப்போது அதன் கடைசிப் பக்கத்தில் இன்று கேட்ட கேள்வியையும் எழுது. பதில் வரும்வரை கையெழுத்திட்டு எழுந்துவிடாதே.