முலாமும் மூச்சும்

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டியை அருமையாகப் பேணுவோர் இன்றும் உளர். கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், பம்பர் முதலியவற்றைக் கழற்றி, முலாம் பூசுவித்து, மீண்டும் பொருத்துவர். பழம்பொருளை எறியாது காத்தல் நன்றே. யாம் அதனைக் குறை கூறோம். ஆயின், அந்தப் பளபளப்புக்காக உடல் நலிபவர் யார்?

துருக்குழிகளைத் தேய்த்துச் சமன்செய்து மெருகேற்றியபின் செம்பு, அதன்மேல் நிக்கல், அனைத்துக்கும் மேலே குரோமியம் பூசுவர். இக்கடைசிப் பூச்சு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமும் இராது. துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு அடியிலுள்ள நிக்கலுடையது, புகழ்ச்சியோ குரோமியத்துக்கு! உலக வழக்கும் அதுதானே.

அம்மெல்லிய பூச்சுக்காகக் குரோமிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சுகையில் குமிழிகள் வெடித்து நச்சுத் திவலை எழும்பும். காப்பின்றி அதனை நாள்தோறும் சுவாசிப்போருக்கு மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவதுண்டு. ஆறு இணைதிறன் கொண்ட இக்குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990இல் வகைப்படுத்தியது. ஆலையில் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தே வயிறு வளர்த்த எமக்கு இஃது அயலார் துன்பமாகத் தோன்றவில்லை.

“கூலி கொடுத்துவிட்டோமே” என்பர் சிலர். உழைப்புக்குக் கொடுத்தீர், மூச்சுக்கு யார் கொடுத்தார்? மலிவான பட்டறையை நாடுவோர் அங்கே காற்றுறிஞ்சி ஏன் இல்லை, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கேளாமையும் ஒரு செயலே; அதன் பயனில் அவருக்கும் பங்குண்டு.

நச்சுக் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத்தால் பூசும் முறையும் உண்டு. நிறம் சற்றே வேறுபடலாம். அது பொருந்தாதெனில், மங்கிய கைப்பிடியைத் துடைத்து, அடியிலே புது ரப்பர் வைத்து அப்படியே முடுக்கிக்கொள்ளுங்கள், கதவு திறக்கும்.