மஞ்சள் கயிறும் சாம்பல் கல்லும்

மாசி மகப் பௌர்ணமி, விடிந்தும் விடியாத பொழுது. மாமல்லபுரம் கடற்கரையில் புடவைகளையே சுவராகக் கட்டி இரவு தங்கிய இருளர் குடும்பங்கள் எழுந்துவிட்டன. ஈர மணலைக் குவித்துப் படி கட்டி, பூ வைத்து, கன்னியம்மனை அழைக்கிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போனவளைச் சமாதானம் செய்து கூட்டிப்போக வந்தவர்கள். கல்யாணமும் அங்கேயே நடக்கும். கேமராவோடு வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். பிறகு வெளியாகும் படங்களில் பல கறுப்பு வெள்ளையாக இருக்கும்.

மணமகன் கையில் இருந்தது மஞ்சள் கயிறு. படத்தில் வெறும் கயிறு.

மஞ்சள் சாம்பலாகிறது, குங்குமம் கறுத்துப்போகிறது. பழைய குடும்பப் படங்களில் பாட்டிமார் எல்லோருக்கும் கறுப்புப் பொட்டு இருக்கும். சிவப்பை உணராத அந்தக் காலத்து ஃபிலிமின் வேலை அது. திருநீறு மட்டும் தப்பித்துக்கொண்டது. ஸ்ரீசூர்ணம் இடுபவர்கள் இதற்காகத் தாராளமாக வழக்குப் போடலாம்.

படத்தில் நிறம் போவதை ரசனை விவகாரம்தானே என்று தள்ளிவிட நியாய வைசேடிகத் தத்துவவாதிகள் சம்மதிக்க மாட்டார்கள். அவர்கள் பேச்சில் ‘ரூபம்’ என்றால் வடிவமல்ல, நிறம். கண்ணால் மட்டுமே அறியும் குணம். நிறமில்லாததால்தான் காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் நிறங்களை ஏழாக எண்ணுகிறது. அதில் கறுப்புக்குத் தனி இடமில்லை, நீலத்துக்குள் அடக்கம். கார்வண்ணனையே நீலவண்ணன் என்றும் கூப்பிடும் கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஏழாவது நிறம் ‘சித்திரம்’, பல நிறம் சேர்ந்து ஒன்றாகித் தெரிவது.

நிறத்தைக் கழித்தால் சாரம் மிஞ்சும் என்பவர், குணங்களை நீக்கினால் மெய்ப்பொருள் தெரியும் என்னும் வேதாந்தியின் பக்கம் சாய்கிறார். கேமராவும் அவருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது. டிஜிட்டல் சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த முறைப்படி அதன்மேல் நிற வடிகட்டிகளைப் பதிக்கிறார்கள்: பச்சை பாதி, சிவப்பும் நீலமும் கால் கால். ஒரு புள்ளி தன் பங்குக்கு ஒரு நிறத்தைத்தான் பிடிக்கும், மற்ற இரண்டை அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கணக்குப் போடும். ஒரு பங்கு பிரத்தியட்சம், இரண்டு பங்கு அனுமானம்.

புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் இதற்கெல்லாம் மசிந்திருக்க மாட்டார். கறுப்பு வெள்ளை என்பது மேலைநாட்டு மனத்தின் தனிமைக்கும் குற்றவுணர்வுக்கும் பொருந்துவது, இந்தியர் வண்ணத்தின் வழியே உணர்பவர் என்று 1998இல் வாதாடியவர் அவர். பாதிதான் சரி. 1946இல் புகைப்படக்காரர் வெல்லிங் எடுத்த ரமண மகரிஷி படம் கறுப்பு வெள்ளைதான். பூஜை அறைகளில் அதற்கு இன்றும் பூ வைக்கிறார்கள். யாருக்கும் எதுவும் குறையவில்லை.

மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலை நிறமில்லாமல் எடுத்தால் பல்லவர் காலமே தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று சித்திரகாரப்புலி, ஓவியர்களில் புலி. கடற்கரைக் கோயில் எழுப்பிய ராஜசிம்மனே கட்டிய காஞ்சி கைலாசநாதர் கோயிலில், சுற்றுச் சிற்றாலயங்களுக்குள் ஓவியத் திட்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவனே கடலோரத்தில் மட்டும் வெறுங்கல்லோடு நிறுத்திக்கொண்டான் என்று நம்புவது சிரமம். அனுமானம்தான், ஆனால் வலுவானது. கறுப்பு வெள்ளைப் படத்தில் விழுவது பல்லவன் கண்ட கோயில் அல்ல, உப்புக்காற்று ஆயிரத்து முந்நூறு ஆண்டு தின்றுவிட்டு மிச்சம் வைத்தது. அதை அப்படி எடுப்பதில் பொய்யில்லை. ஆனால் கன்னியம்மனின் மணற்படியில் அப்படி எந்தக் காலமும் இன்னும் கடக்கவில்லை. மஞ்சள் அன்று காலை அரைத்தது.

ஊருக்குள் சிற்பக் கூடங்களில் கட்டர் ஓடும் சத்தம். கருங்கல், ஸ்தபதியின் புருவம், தரையில் கிடக்கும் செருப்பு, எல்லாமே வெள்ளைப் பொடிக்குள். ஸ்தபதி கட்டரை நிறுத்திவிட்டு ஒரு குவளைத் தண்ணீரை அம்மன் முகத்தில் ஊற்றுகிறார். கல் சட்டென்று கறுத்து, இமைக்கோடு எழுந்து வருகிறது. கன்னத்தில் ஓரிடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். அதற்குள் வெயில் அதை வெளுக்கத் தொடங்கிவிடுகிறது. கோயிலுக்குப் போனபின் எண்ணெய்க்காப்பில் அந்தக் கருமை நிலைக்கும். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் ஏறும், மஞ்சள் பட்டும்.